நெட் மெதுவாகும் நேரங்கள்

பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட விடவில்லை, அதற்குள் கோகிலவாணியின் தலை தடுப்புக்கு மேலே எழும்பிவிட்டது. அந்தத் தலை எழும்பினால் சென்னியப்பனுக்கு ஒரே அர்த்தம்தான். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது, சுத்துதுங்ணா என்பாள். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றுவதைச் சொல்கிறாள். பக்கத்தைத் திறக்காமலும், திறக்க மாட்டேன் என்று சொல்லாமலும், இதோ இதோ என்று இழுத்தடிக்கிற அந்தப் பாழாய்ப்போன வட்டம். மூன்று வாரமாக இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு, படுக்கையில் மல்லாந்து சீலிங் ஃபேனைப் பார்த்தால்கூட யாரோ புகார் சொல்வதுபோலத்தான் இருக்கிறது அவனுக்கு. பார்க்கறேங்க என்றான். அவள் போகவில்லை. கப்பல் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பேப்பர்கள் எல்லாம் அவள் கையில்தான், ஏற்றிவிட்டால்தான் கன்டெய்னர் நகரும், ஏற்ற முடியாவிட்டால் பனியன் பெட்டிகளோடு தூத்துக்குடியில் நிற்கும், திட்டு மட்டும் திருப்பூருக்கு வரும், வந்து நேராக அவள் தலையில் விழும். அதனால் அவள் போகவில்லை என்பதில் அவனுக்குக் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. பையை வைத்தான், உட்கார்ந்தான், தன் கம்ப்யூட்டரைத் திறந்து வேகம் பார்த்தான். முள் விறுவிறுவென்று ஏறிக் கடைசிவரை போய் நின்றது. இங்க நல்லாத்தானுங்க வருது என்றான். மூன்று வாரமாக அவன் சொல்லிவருகிற பதிலும் இது ஒன்றுதான். அவள் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னதான் செய்யவில்லை அவன். கேபிளை மாற்றினான், நெட் ஒயர்கள் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியை மாற்றினான், ஏணி போட்டு மேற்கூரைப் பலகைக்குள் தலையை விட்டு எலிப்புழுக்கைக்கு நடுவே ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தான், இறங்கி வந்தபோது தலையில் ஒட்டடையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். லைன் கொடுத்த கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். அவன் வந்து நின்ற நேரத்தில் நெட் அப்படிப் பறந்தது. எங்க பக்கம் எல்லாம் ஓகே சார் என்று சொல்லி டீயையும் குடித்துவிட்டுப் போனான், அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் கோகிலவாணி எழுந்து நின்றாள். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான். நின்றே போய்விட்ட லைனைக்கூடச் சரி செய்துவிடலாம். வந்தும் வராமலும் இருக்கிற கோளாறுதான் ஆளைக் கொல்லும். பார்க்கப் போனால் இருக்காது, திரும்பி வந்தால் இருக்கும். இதற்குள் ஆபீசில் ஆளுக்கு ஒரு விஞ்ஞானம் கிளம்பியிருந்தது. கேன்டீன் மைக்ரோவேவ்தான் காரணம் என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். ரயில் போகும்போதெல்லாம் நிற்கிறது என்று இன்னொருவர் ரயில் நேரத்தோடு வந்து நின்றார். ஸ்விட்ச் பெட்டி தென்மேற்கு மூலையில் இருக்கக்கூடாது என்று வாஸ்து பார்க்கிறவர் சொல்லி, அதையும் மாற்றினான், மாற்றியதில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். முதலாளி தெய்வசிகாமணி எல்லோரும் போனில் வீடியோ பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, யார் போனுக்கும் ஆபீஸ் வைஃபை கிடையாது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியவன் இவன் என்பதால் டீ நேரத்தில் இவனுக்கு இடம் நகர்ந்து கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. இவன் போனுக்கு மட்டும் வைஃபை உண்டு. வேலைக்கு வேண்டுமே.

நேற்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம் இன்றைக்குச் சாயங்காலம், கம்ப்யூட்டர், கேபிள், பிரிண்டர் என்று மொத்தத்தையும் மாதக் கணக்கில் எடுத்துப் பார்த்துக்கொள்வார்களாம், மத்தியானத்துக்குள் நீங்கள் என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். கடைசியில், அப்பா நல்லா இருக்காருங்களா என்று வேறு கேட்டார். நல்லா இருக்காருங்க, ஆள் போட்டிருக்கேனுங்க என்றான் இவன். அந்தப் பொய் இப்போது தானாகவே வருகிறது, யோசிக்க வேண்டியதில்லை. வேலை போனால் வீட்டோடு கிடந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று ராத்திரி ஒரு நினைப்பு ஓடியது. ஒரு நிமிஷம் இனித்தது. பிறகு மாத்திரை ஞாபகம் வந்தது, வாடகை ஞாபகம் வந்தது, தன் வயதும் ஞாபகம் வந்தது. பனியன் ஊரில் இந்த வயதுக்காரனைக் கம்ப்யூட்டர் பார்க்க யார் எடுக்கிறார்கள், எல்லா இடத்திலும் காதில் ஒயர் மாட்டிய பையன்கள்தான். வேலை வேண்டும். வேலை இருந்தால்தான் அவரைப் பூட்டி வைத்துவிட்டாவது காப்பாற்ற முடியும். இந்த வாக்கியம் தனக்குள் ஓடியதும் அவனுக்கே கூசியது, கூச்சத்தோடு கூச்சமாகப் போனை எடுத்துப் பார்த்தான்.

போனில் அப்பா நாச்சிமுத்து, வீட்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி. மில்லில் ஃபிட்டராக இருந்தவர், வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, மில்லையே இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள், அவருக்கு மட்டும் ஷிப்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. போசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார், கதவைத் தள்ளிப் பார்ப்பார், திறக்காது, வெளியே பூட்டியிருக்கிறது, சமையல்கட்டுக்குப் போய் எதையோ தேடிவிட்டு மறுபடி வாசலுக்கு வருவார். பூட்டாமல் வந்த ஒரு நாள் பல்லடம் ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பூட்டு. பார்த்துக்கொள்ள வந்த ஆள் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, பெரியவர் அடிக்கறாருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், அப்பா யாரையும் அடித்ததே இல்லை, ஆனால் இப்போது இருப்பவர் எந்த அப்பா என்று இவனுக்குத் தெரியவில்லை. தங்கை ஓசூரில். மனைவி என்று ஒருத்தி இருந்தால் இந்தப் பாடு இருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருந்தால் அவளுக்கல்லவா இந்தப் பாடு என்று இவன் நினைத்துக்கொள்வான். பத்து வருஷம் பெண் தேடினார் அப்பா. தரகர், ஜாதகம், கோயில் மண்டபம், போட்டோ பிடித்தல் என்று ஒன்றும் விடவில்லை, இந்தப் பக்கம் பெண்ணே இல்லை என்று ஊருக்கே தெரியும், அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை விடவில்லை. இப்போது எல்லாவற்றையும் மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை. காலையில் இட்லியைப் பிய்த்து ஊட்டும்போது, பொண்ணு ஊட்டுக்காரங்க எத்தனை மணிக்கு வராங்க தம்பி என்று கேட்டார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், மகன் என்று தெரிந்து கூப்பிடுகிறாரா, ஊரில் எல்லோரையும் கூப்பிடுகிற தம்பியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இவனுக்குத் தைரியம் இல்லை. சாயங்காலமுங்க என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டான்.

பூட்டைப் போட்டவனுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு அந்த மூன்று கேமரா. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று. அசைவு இருந்தால் மட்டும் படம் அனுப்பும், அசையாவிட்டால் கடைசிப் படத்தோடு சும்மா நிற்கும், அப்படித்தான் வாங்கும்போதே சொன்னார்கள். குளியலறையில் வைக்கவில்லை. வைக்க மனசு வரவில்லை. அந்த மனிதருக்கு மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதை அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது, அதையும் எடுத்துவிட்டு எதைக் காப்பாற்றுவது. ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தன் மேசைக்கடியில் வைத்து, படங்கள் எல்லாம் அதில் சேரும்படி செய்திருந்தான். தெளிவை இருக்கிற அளவுக்கு உயர்த்தி வைத்திருந்தான், குறைத்தால் அப்பா கையில் இருப்பது டம்ளரா கத்தியா என்று தெரிவதில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நெட் இழுத்ததில் படம் பாதியில் நின்றது. சமையல்கட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார், மேடையைப் பிடித்தபடி. சரி, நிற்கிறார் என்று இவன் யாருக்கோ பிரிண்டர் சரி செய்யப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு நேரமா ஒரு மனிதர் நிற்பார் என்று உறைத்தபோதுதான் நிற்பது அவர் இல்லை, படம் என்று தெரிந்தது. வண்டியை எப்படி ஓட்டினான் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அவர் தரையில் கிடந்தார், நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது, கூரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் கிடந்தார், மெசின் நின்னு போச்சு தம்பி என்றார். மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் படம் நிற்காமல் இருக்க ஏதோ செய்தான், அதற்குப் பிறகு படம் நிற்கவே இல்லை. அந்த நாளை அவன் நினைப்பதில்லை.

அண்ணா. கோகிலவாணிதான். இந்தத் தடவை குரலில் அழுகை இருந்தது, அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. நீங்க உங்க சீட்டுல இருந்தே பாத்துட்டு நல்லாருக்குன்னா எப்படீங்ணா, ஒருக்கா எஞ்சீட்டுல வந்து நின்னு பாருங்க, என்றாள். நியாயம்தானே. இதுவரை அவள் இடத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறான், ஒயரைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறான், புதிது சொருகியிருக்கிறான், ஆனால் சரியாகிவிட்டதா என்று பார்ப்பது மட்டும் எப்போதும் தன் இடத்துக்குத் திரும்பி வந்துதான். கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதி இது, தன் மெஷினை மட்டும் நம்புவது, மற்ற மெஷின்களில் அதை இதை ஏற்றிக் கெடுத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு இளக்காரம். எழுந்து போனான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் பேப்பரை ஏற்றும் பட்டனை அழுத்தினாள், வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நின்று அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கண் சொருகியது. ராத்திரி சரியான தூக்கம் இல்லை, அப்பா எழுந்து எழுந்து போசியைத் தேடினார். கையில் இருந்த போனைச் சும்மா பார்த்தான். அப்பா எழுந்துவிட்டார். ஹாலில் இருந்து சமையல்கட்டு, சமையல்கட்டில் இருந்து ஹால், வேட்டி நுனி தரையில் இழுபட, ஒரு தடங்கல் இல்லாமல், தண்ணீர்போல ஓடுகிறது படம். கோகிலவாணியின் திரையில் வட்டம். அப்பா வாசலுக்கு வந்தார், கதவைத் தள்ளினார், மறுபடி தள்ளினார். வட்டம். அப்பா சலித்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்திருச்சுங்ணா, வந்திருச்சு என்றாள் கோகிலவாணி, அடுத்த பேப்பரை எடுத்தாள். அது ஒரே தட்டில் ஏறியது. அதற்கடுத்ததும் ஏறியது. அப்பா எதையோ நினைத்துக்கொண்டு எழுந்தார், போசியைத் தூக்கினார். அய்யோ, பாருங்க, மறுபடியும் என்றாள் அவள்.

முதலில் அவன் நம்பவில்லை. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி இருக்கும் என்று நின்றான். அப்பா உட்கார்ந்தார், ஏறியது. அப்பா எழுந்தார், சுற்றியது. கோகிலவாணி ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இவன் போனைச் சட்டையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. அன்றைக்குச் செய்த ஏதோ என்பது என்னவென்று இப்போது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, வந்து நின்றது. ரூட்டரைத் திறந்து, என் மெஷினுக்கும் என் போனுக்கும் மேசைக்கடியில் இருக்கிற பழையதற்கும் முதலில் வழி விடு, இவற்றுக்குப் போக மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்குக் கொடு என்று எழுதி வைத்தான். இன்றைக்கு ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தான். அப்பா நெற்றிக் கட்டோடு வீட்டில் தனியாக இருந்த முதல் நாள், எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை, எழுதினான், படம் நிற்காமல் ஓடியது, ஓடுகிறதே என்று விட்டுவிட்டான். அப்பா உட்கார்ந்திருக்கிற வரை கேமராவுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை, ஆபீசுக்கு முழு லைன். அப்பா எழுந்து நடந்தால் மூன்று கேமராவும் முழித்துக்கொண்டு முழுத் தெளிவோடு அனுப்புகின்றன, லைனில் முக்கால்வாசியை அவர்தான் எடுத்துக்கொள்கிறார். முதலில் நெற்றிக் காயத்தோடு படுத்தே கிடந்ததால் தெரியவில்லை. தேறி எழுந்து நடக்க ஆரம்பித்து மூன்று வாரம். மூன்று வாரமாக இந்த ஆபீஸ் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தது அவரைத்தான். மைக்ரோவேவும் இல்லை, ரயிலும் இல்லை, தென்மேற்கு மூலையும் இல்லை. இவன் தன் இடத்தில் உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் நன்றாகத்தான் வரும், வரிசையில் முதலில் நிற்கிறவனுக்கு வரிசை நீளம் எங்கே தெரியும். சிரிப்பு வந்தது.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். ரூட்டரைத் திறந்தான். எழுதி வைத்த வரி அப்படியே இருந்தது. அழித்துவிட்டால் முடிந்தது, முதலாளியிடம் போய் ஒரு வரி தப்பாக இருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும், கோயம்புத்தூர்க்காரர்கள் வர மாட்டார்கள், கோகிலவாணி சிரிப்பாள், டீ நேரத்தில் இடம் கிடைக்கும். அழித்தால் அப்பாவின் படம் வரிசையில் கடைசிக்குப் போகும். நிற்கும், ஓடும், நிற்கும். நிற்கிற படத்தில் அப்பா நின்றுகொண்டே இருப்பார். தெளிவைக் குறைத்துப் பார்க்கலாமா, டம்ளரா கத்தியா தெரியாது, பரவாயில்லை என்று விட முடியுமா. ஒரே ஒரு கேமரா வைத்தால், எந்த அறையைக் கைவிடுவது. கத்தியை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தால், அடுப்பை என்ன செய்வது. யோசனை கிளம்புகிறது, கொஞ்ச தூரம் போகிறது, அந்தச் சமையல்கட்டுத் தரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபடி முதலில் இருந்து கிளம்புகிறது. சாமி, நான் என்ன பண்ணட்டும் என்று வாய்விட்டே முனகினான். அழிக்கும் பட்டன் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறதே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் ஆபீசில் ஏதோ மாறியிருப்பது காதில் பட்டது. யாரும் முனகவில்லை. மவுஸைத் தட்டித் தட்டி மேசையில் அடிக்கிற சத்தம் இல்லை. பிரிண்டர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன மாயம் பண்ணுனீங்க, பறக்குதுங்களே என்றார். கோகிலவாணி அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், எல்லாப் பேப்பரும் ஏறிவிட்டது என்று. இவன் எதையும் தொடவில்லை. தொடவில்லையே என்று நினைத்தவன் போனைப் பார்த்தான். ஹாலில் காலி நாற்காலி. படுக்கையறையில் கசங்கிய போர்வை. சமையல்கட்டில் யாரும் இல்லை. மூன்று படமும் அசையாமல் இருந்தன. குளியலறையில் இருப்பார் என்றான் தனக்குள். இருப்பார், வேறு எங்கே இருப்பார், பூட்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு நேரம் ஆகும். ஆகட்டும். அவர் உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்தான், கோகிலவாணி எப்போது முனகுவதை நிறுத்தினாள் என்பதைத்தான் கணக்காகப் பிடிக்க முடிந்தது, அவள் நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது. வண்டிச் சாவியைத் தேடி எடுத்தான். முதலாளி கூப்பிடுகிறார் என்று முன் மேசைப் பெண் வந்து நின்றாள். ஒரு நிமிஷம் என்று சொல்ல வாயெடுத்தான், அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பது தெரிந்தது. அவர் அறைக்குள் யாரும் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் வந்தாலும் அதேதான். காலி நாற்காலி தெரிகிற போனை அந்தத் தட்டில் மல்லாத்தி வைத்துவிட்டு உள்ளே போனான். அப்படியே ஓடியிருக்கலாம். கூப்பிட்டால் போய்ப் பழகிய கால்.

உக்காருங்க சென்னியப்பன் என்றார். தன் திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் பக்கம் ஒன்றைத் தட்டினார், பட்டென்று திறந்தது. இன்னொன்று தட்டினார். பெரிய பெரிய துணிப் படங்கள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தன. சின்னப் பிள்ளை ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பதுபோல மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய சந்தோஷம் நிஜமான சந்தோஷம், அவனை அனுப்ப வேண்டியதில்லை என்கிற சந்தோஷமும் அதில் இருந்தது, அது புரிந்ததால் அவனால் எழ முடியவில்லை. நானும் யோசிச்சனுங்க, இத்தனை வருசம் இருந்தவரை எப்படி அனுப்பறதுன்னு ராத்திரி தூக்கமே இல்லை என்றார். என்ன கோளாறு என்று கேட்டார். ஒரு வரி தப்பாக இருந்துச்சுங்க என்று வாய் சொன்னது. எடுத்தாச்சுங்களா என்றார். அவன் தலை ஆடியது, ஆம் என்றா இல்லை என்றா அவனுக்கே தெரியாது. இவ்வளவு வேகமாகத் திறக்கிறதென்றால் வீட்டில் ஒன்றும் அசையவில்லை. வேட்டி நுனி இழுபடவில்லை. கதவை யாரும் தள்ளவில்லை. குளியலறைத் தரை ஈரம், காலையில் இவன்தான் அவசரத்தில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வந்தான், துடைக்கவில்லை. துடைத்திருக்கலாம். மெசின் நின்னு போச்சு தம்பி. முதலாளி இன்னொரு படத்தைத் தட்டினார், நீல நிறத்தில் ஒரு குழந்தைச் சட்டை, பொத்தான் பொத்தானாகத் தெரிந்தது. நிற்கட்டும், அவன் உள்ளுக்குள் கெஞ்சினான், ஒரே ஒரு தடவை நின்று தொலையட்டும், வேலை போனால் போகட்டும், கோயம்புத்தூர்க்காரன் வரட்டும், யாராவது ஒருத்தர் எழுந்து சுத்துதுங்க என்று சொல்லுங்களேன். வெளியே யாரும் எழவில்லை. எல்லோரும் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வசிகாமணி மேசை மேல் இருந்த தன் போனை எடுத்தார். அவங்களுக்குச் சொல்லிடறேன், சும்மா எதுக்கு அத்தனை தூரம் வரணும் என்று எண்ணைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார். மறு கையால் விளையாட்டாக இன்னொரு படத்தைத் தட்டினார். வெள்ளைத் திரை வந்தது. படம் வரவில்லை. நடுவில் வட்டம். அவர் மறுபடி தட்டினார், வட்டம் சுற்றியது, மறுபடி தட்டினார். வெளியே ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது, அண்ணா என்று கோகிலவாணியின் குரல் கேட்டது. முதலாளியின் முகம் மெல்ல வாடியது. ஏனுங்க, மறுபடியும் சுத்துதே என்றபடி திரும்பியவர், எதிரே இருந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார். சென்னியப்பன் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது, துடைக்கவும் இல்லை.

"எந்திரிச்சுட்டாருங்க" என்றான்.

"யாரு?"

"எங்கப்பாங்க. நடக்கறாரு." வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆளெல்லாம் யாரும் போடலைங்க. வெளிய பூட்டிட்டு வந்திருக்கேன்."

போனின் எதிர்முனையில் யாரோ அலோ, அலோ, சொல்லுங்க சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.